பரண்மேல் விஷப் பானை

சிங்கவரம் ரோட்டில் நின்று பார்த்தாலே எங்கள் வீட்டு மாடி தெரியும். கீழே மண்டி, மேலே வீடு. மண்டி என்றால் மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். மூட்டையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் குலுக்கினால் போதும், ஈரம் எவ்வளவு, சொத்தை எவ்வளவு என்று சொல்லிவிடுவேன். மெஷின் வைத்துப் பார்க்கிற வியாபாரிகூடக் கடைசியில் என் முகத்தைத்தான் பார்ப்பான். யார் தோளிலும் ஏறி நான் இந்த இடத்துக்கு வரவில்லை. படித்தது ஐந்தாவது வரைக்கும்தான். அதனால் இந்தக் கதையில் எழுத்துப் பிழை இருக்கும், கணக்குப் பிழை இருக்காது.

வீட்டின் பின்கட்டில் ஒரு அறை கட்டி வைத்திருக்கிறேன். மழை ரூம் என்று பேரப்பிள்ளைகள் பெயர் வைத்திருக்கிறார்கள். புயல் வருகிறது என்று டிவியில் சொல்லிவிட்டால் செஞ்சியே கடைத்தெருவில்தான் நிற்கும். பால் பாக்கெட்டுக்கும் மெழுகுவத்திக்கும் அடித்துக்கொள்வார்கள். என் வீட்டு ஆள் ஒருத்தர் வெளியே காலை வைக்க வேண்டியதில்லை. அரிசி, பருப்பு, எண்ணெய், உப்பு, புளி எல்லாம் தரையில் படாமல் பலகைமேல் அடுக்கி, பழசு முன்னால், புதுசு பின்னால் என்று நானே வைப்பேன். அந்த அறைச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

மருமகள் காலேஜ் படித்தவள். போன மழைக்கு முன்னால் போனைப் பார்த்துக்கொண்டே வந்து, "மாமா, அவசரத்துக்கு வைக்கிற சாப்பாடு சமைக்காம சாப்பிடற மாதிரி இருக்கணுமாம். கரண்ட் இருக்காது, கேஸ் வண்டி வராது இல்ல? அரிசிய வச்சிக்கிட்டு என்ன பண்றது?" என்றாள். பிறகு எதை எதை வைக்கலாம் என்று வாசித்தாள். பிஸ்கட், பேரீச்சம்பழம், அவல், வெல்லம், வறுத்த வேர்க்கடலை. அதற்குமேல் நான் அங்கே உட்காரவில்லை. எழுந்து மண்டிக்கு இறங்கி வந்துவிட்டேன். ஊரெல்லாம் கடலை கொடுக்கிறவன் வீட்டுக்குக் கடலை வைக்கச் சொன்னதால் மாமாவுக்குக் கோபம் என்று அவள் நினைத்திருப்பாள்.

கோபம் இல்லை. அவள் சொன்னதை நான் முன்பே கேட்டிருக்கிறேன். கேட்ட இடம் ஒரு கூரை வீடு. சொன்னவள் கையெழுத்துப் போடத் தெரியாத என் அம்மா.

அப்போது நாங்கள் கோட்டை அகழிக்குப் பக்கத்துத் தெருவில் இருந்தோம். நைனா நெல் மண்டியில் மூட்டை தூக்கினார். வண்டி வந்தால் மூட்டை, மூட்டை இருந்தால் கூலி. ஐப்பசியில் அடைமழை பிடித்துக்கொண்டால் நெல் நனைந்துவிடும் என்று ஒருத்தரும் வண்டி கட்ட மாட்டார்கள். ராஜகிரி மலை உச்சி கண்ணுக்குத் தெரியாத நாளெல்லாம் நைனாவுக்கு வேலையில்லாத நாள். அந்த நாட்களுக்காக எதையாவது எடுத்து வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு வருஷமும் நைனாவுக்கும் அம்மாவுக்கும் பேச்சு நடக்கும். நைனா அரிசிக் கட்சி.

"ஒரு மரக்கா அரிசிய கட்டி வச்சிட்டா நிம்மதியா இருக்கும்" என்பார்.

"அரிசிய வச்சிக்கினு இன்னா பண்றது? வெறகெல்லாம் நனஞ்சி கெடக்கும். ஊதி ஊதி என் கண்ணு போனதுதான் மிச்சம். நெருப்பு கேக்காததா பாத்து வைக்கணும்."

"நெருப்பு கேக்காம இன்னா இருக்குது, மண்ணா?"

"நான் வச்சி காட்றேன், நீ சும்மா இரு."

வைத்துக் காட்டினாள். மல்லாட்டை பறிக்கப் போனால் அந்தக் காலத்தில் கூலியைக் காயாகவே கொடுப்பார்கள். அந்தக் காயை அவள் ஒரு நாளும் எங்களிடம் அப்படியே கொட்டியதில்லை. ஓடு உடைத்து முறத்தில் பரப்பி, சுருங்கினது, தோல் விட்டது, ஓட்டை விழுந்தது எல்லாவற்றையும் பொறுக்கி அன்றைக்குத் தின்னக் கொடுப்பாள். முழுசாக, கெட்டியாக இருப்பது மட்டும் பானைக்கு. மணலில் போட்டுச் சின்னத் தீயில் வறுத்து, சூடு முழுக்க ஆறுகிற வரைக்கும் துணியில் விரித்து வைப்பாள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும் என்பாள். இன்றைக்கு என் மண்டியில் ஆட்களிடம் நான் கத்துவதும் இதையேதான். பானைக்குள் வேப்பிலைப் புகை காட்டி, அடியில் அவல், நடுவில் மல்லாட்டை, மேலே பனை ஓலையில் சுற்றிய வெல்லம். வாயைத் துணியால் கட்டி, களிமண் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவாள். அடுப்புப் புகை படுகிற இடத்தில் பூச்சி அண்டாது.

பூச்சி அண்டாது, சரி. நான் அண்டுவேன். வெல்லம் எங்கே இருக்கிறது என்பது எறும்புக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். முதல் வருஷம் மழைக்காக அம்மா பானையை இறக்கியபோது களிமண் பூச்சு பூசினபடியே இருந்தது, உள்ளே பாதிப் பானை காலி. பானையின் பின்பக்கம், சுவரைப் பார்த்த மாதிரி, ஒரு ஓட்டை போட்டு வைத்திருந்தேன். என் மூளை அந்த வயதிலேயே அப்படி. அடி வாங்கினேன். ஆனால் அடிக்கு நான் அடங்க மாட்டேன் என்று நைனாவுக்குத் தெரியும். அடுத்த வருஷம் வேறு வழி பார்த்தார்.

புதுப் பானை பரணில் ஏறிய மறுநாள் நைனா என்னையும் தங்கச்சியையும் கூப்பிட்டார். பரணிலிருந்து ஒரு செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்கி எங்கள் முகத்துக்கு நேரே ஆட்டினார்.

"பாத்துக்குங்க. பானைல எலி மருந்து கலந்து வச்சிருக்குது. ஒரு பல்லுதான் பட்டுது இதுக்கு. அப்பிடியே வெரச்சிப் போச்சி."

"அப்பறம் எதுக்கு நைனா பானைய வச்சிருக்குது?"

"வெதைக்குடா. வெத மல்லாட்டைக்கு மருந்து போட்டாதான் மொளைக்கும்."

எங்களுக்கு விதைக்க ஒரு முழம் நிலம் கிடையாது. அது எனக்குத் தோன்றவில்லை. செத்த எலி அவ்வளவு பெரிய சாட்சியாக இருந்தது. தங்கச்சி அன்றிலிருந்து அடுப்பு இருக்கிற பக்கமே போக மாட்டாள். நான் பயந்ததோடு நிற்கவில்லை, அதை வைத்துப் பெருமையும் அடித்தேன். தெருவில் ஒருத்தன் வீட்டில் சைக்கிள் இருந்தது, ஒருத்தன் வீட்டில் ரேடியோ இருந்தது. எங்கள் வீட்டில் விஷப் பானை இருந்தது. ஊரையே கொல்லலாம் என்று சொல்லிவைத்தேன். பையன்கள் எங்கள் வாசலில் நின்று பரணை எட்டிப் பார்த்துவிட்டு ஓடுவார்கள். தெருவில் எல்லோருக்கும் அந்தப் பானை தெரிந்துபோனது இப்படித்தான்.

அந்த ஐப்பசியில் மழை பிடித்தது, விடவே இல்லை. கோட்டை மலை மூன்றும் மேகத்துக்குள் போனது போனதுதான். ரேஷன் கடையில் ஸ்டாக் இல்லை என்றார்கள். வீட்டில் அரிசி தீர்ந்தது. விறகு நனைந்து பாசி பிடித்தது. நைனா திண்டிவனம் பக்கம் ஏதாவது லோடு கிடைக்குமா என்று கோணிப்பையைத் தலையில் போட்டுக்கொண்டு காலையில் போவார், வெறுங்கையோடு வருவார். ஆனாலும் தினம் நாங்கள் கண் விழிக்கும்போது அம்மா எங்கள் கையில் ஆளுக்கு ஒரு பிடி வறுத்த மல்லாட்டையும் ஒரு துண்டு வெல்லமும் வைப்பாள். சாயங்காலம் தண்ணீர் தெளித்துப் பிசைந்த அவல்.

"ஏதும்மா இது?"

"நைனா வாங்கினாந்துது. மென்னு துன்னு, முழுங்காத."

"உனக்கு?"

"நான் அப்பவே சாப்ட்டேன்."

எப்போது கேட்டாலும் அவள் அப்பவே சாப்பிட்டிருப்பாள். நான் எழுந்திருப்பதற்கு முன், நான் வெளியே போயிருந்தபோது, நான் தூங்கின பிறகு. பெரியவர்கள் சாப்பிடுகிற நேரம் சின்னவர்கள் கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மத்தியானம் மழை கொஞ்சம் நின்றது. அகழியில் தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பையன்களோடு பார்க்கப் போயிருந்தேன். பசி எடுத்ததும் வீட்டுக்கு ஓடி வந்தேன். வெளிச்சத்திலிருந்து உள்ளே வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தெரிந்தது. அம்மா கவிழ்த்துப் போட்ட உரல்மேல் ஏறி நின்றுகொண்டு, ஒரு கையால் பரண் கம்பைப் பிடித்தபடி, மற்றக் கையைப் பானைக்குள் விட்டு அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகு காட்டி நின்றாள். அவள் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

அம்மா என்று நான் கூப்பிடவில்லை. தெருவுக்கு ஓடினேன்.

"ஓடியாங்க! எங்கம்மா வெஷம் துன்றாங்க! பானைல இருக்குற வெஷத்த துன்றாங்க!"

என் குரல் அப்போதே பெரிய குரல். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டு அத்தைதான் முதலில் வந்தாள். நைனாவை அண்ணன் என்று கூப்பிடுவாள், அதனால் எங்களுக்கு அத்தை. மாடு வைத்திருந்தாள். கொட்டகையிலிருந்து அப்படியே சாணிக் கையோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே வந்தது. அம்மா உரலிலிருந்து இறங்கி நின்றாள். வாய் நிறைய இருந்ததால் பேச முடியவில்லை. பேசுவதற்காக அவசரமாக விழுங்கினாள். அதுதான் தப்பாகப் போயிற்று.

"அய்யய்யோ, முழுங்கிட்டா! அண்ணி, துப்பு! துப்புடி!"

"ஒண்ணும் இல்லம்மா. என்ன விடு."

"வெஷம் துன்னவ துன்னேன்னா சொல்லுவா? புடிங்க அவள!"

"ஒண்ணும் இல்ல, விடும்மா, பசங்க பாக்குது" என்று அம்மா திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். பானையில் விஷம் இல்லை என்று மட்டும் சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பார்கள். என் காதில் அது விழக் கூடாது என்றுதான் சொல்லவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் எனக்கு விளங்கியது.

வாசலுக்கு இழுத்து வந்தார்கள். யாரோ ஒரு ஆள் சாணியைக் கரைத்து ஊற்றச் சொன்னார். மருந்து குடித்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அப்போது அதுதான் வைத்தியம். கையில் இருந்த சாணியை அத்தையே சொம்பில் கரைத்தாள். இரண்டு பெண்கள் அம்மாவின் கையைப் பின்னால் பிடித்துக்கொள்ள, ஒருத்தி முடியைப் பிடித்து முகத்தை நிமிர்த்த, அத்தை மூக்கை அடைத்து வாயில் ஊற்றினாள். அம்மாவின் சேலை அவிழ்ந்து சேற்றில் விழுந்தது. நான் பக்கத்தில் நின்று, "இன்னும் ஊத்துங்க அத்த, இன்னும் ஊத்துங்க" என்று கத்திக்கொண்டிருந்தேன். அம்மா பிழைக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை.

அம்மா வாந்தி எடுத்தாள். குத்துக்காலிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, தெருவே பார்க்க எடுத்தாள். மெல்லாமல் விழுங்கிய மல்லாட்டை முழுசு முழுசாக வந்தது. பிறகு சாணித் தண்ணீர் வந்தது. பிறகு ஒன்றும் வரவில்லை. ஒன்றும் வராமலே அவள் உடம்பு ரொம்ப நேரம் உலுக்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் சாணி ஊற்றச் சொன்ன ஆள் உள்ளே போய்ப் பானையை இறக்கிக்கொண்டு வந்தார். முகர்ந்து பார்த்தார். ஒன்றை எடுத்து நாக்கில் வைத்தார். பிறகு கடித்தார்.

"டேய், வெறும் மல்லாட்டடா! நல்லா பதமா வறுத்து வச்சிருக்குது! எவன்டா வெஷம்னு சொன்னவன்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க நைனாதான் சொன்னாரு" என்றேன்.

"நீ காலைல இன்னாடா துன்ன?"

"மல்லாட்ட."

"அப்ப உனக்கும் ஒரு சொம்பு ஊத்தணுமே! வாடா இங்க!"

தெரு சிரித்தது. பயந்து ஓடி வந்தவர்கள் ஆனதால் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். பையன்களும் சிரித்தார்கள். ஊரையே கொல்லும் பானை ஒரு நிமிஷத்தில் தின்பண்டப் பானையாகிவிட்டது. "புள்ளைங்களுக்கு வெஷம்னு சொல்லிட்டு ஆத்தாக்காரி ஒண்டியா துன்றா பாரு" என்று ஒருத்தி சொன்னாள். அது என் காதில் நன்றாக விழுந்தது.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. வாந்தி எடுத்த இடத்தில் உட்கார்ந்து, மழைத் தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போவதையே பார்த்தாள். பிறகு எழுந்து, "போங்க, போங்க. அவங்கவங்க வேலையப் பாருங்க. இன்னா கூத்தா நடக்குது இங்க?" என்று எல்லோரையும் விரட்டினாள். சேற்றிலிருந்து சேலையை எடுத்து அம்மாவின் தோளில் போட்டாள். தன் முந்தானையால் அம்மாவின் வாயைத் துடைத்தாள்.

"எத்தினி நாளா அண்ணி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"பசங்க சாப்ட்டுதுங்க" என்றாள் அம்மா.

கேட்டது ஒன்று, சொன்னது ஒன்றாக இருந்தது. அம்மா காதுக்குள் தண்ணீர் போய்விட்டது போல என்று நினைத்தேன்.

எனக்கு அவமானம் தாங்கவில்லை. தெரு முன்னால் என்னைப் பைத்தியக்காரன் ஆக்கிவிட்டாள் என்று அம்மாமேல் கோபம். வாயெல்லாம் சாணியாக, முடி விரித்துப் போட்டு நின்ற அந்தப் பெண் என் அம்மா என்று வெளியே தெரிய வேண்டாம் போல இருந்தது. அதைவிட, எங்களை ஏமாற்றிவிட்டுத் தனியாகத் தின்றாள் என்ற கோபம். உள்ளே போய்த் தங்கச்சியிடம், அம்மாவுக்குக் கேட்கும்படியாகவே சொன்னேன்.

"அம்மா திருடி. நம்ம பங்க துன்னுட்டா."

அம்மா பானை வாய்க்குக் களிமண் பூசிக்கொண்டிருந்தாள். பூசுகிற கை நின்றது. மறுபடி பூசினது. எங்கள் இரண்டு பேருக்கும் இன்னும் சில நாளைக்குப் போதுமானது பானைக்குள் இருந்தது.

நைனா வரும்போதே தெருமுனையில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். வந்தவர் அம்மாவைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கோணிப்பையைக்கூடத் தலையிலிருந்து எடுக்காமல் சுவரோரம் உட்கார்ந்து, எரியாத அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எலிய நான் காட்டாம இருந்திருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தை ஒரு சொம்பு நிறையக் கஞ்சி கொண்டு வந்தாள். மாட்டுக்காரி ஆனதால் அவள் வீட்டில் காய்ந்த வரட்டி இருந்தது, அடுப்பு எரிந்தது. கஞ்சியிலிருந்து ஆவி வந்தது. வீட்டுக்குள் அந்த வாசனை வந்து எத்தனையோ நாளாகியிருந்தது.

"அண்ணி, இத குடி. குடிக்கிற வரைக்கும் நான் போவ மாட்டேன்."

"சுடுதும்மா. வச்சிட்டு போ, ஆறட்டும்."

அத்தை உட்கார்ந்துதான் இருந்தாள். அவள் வீட்டுக் கைக்குழந்தை அழுதது. எழுந்து போக வேண்டியதாயிற்று. போகும்போது வாசலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

அம்மா சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"நீ குடிக்கிறியாடா?" என்றாள்.

செய்த தப்புக்குச் சமாதானமாகக் கொடுக்கிறாள் என்று வாங்கிக்கொண்டேன். அதைக்கூடக் கொஞ்சம் பிகு பண்ணித்தான் வாங்கினேன். குடித்தேன். அடியில் கொஞ்சம் தங்கச்சிக்கு விட்டேன். அவள் விரலால் வழித்து நக்கினாள்.

காலையில் சொம்பைத் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

"உங்கம்மா குடிச்சாளாடா?" என்று கேட்டாள் அத்தை.

"இல்ல அத்த, நாந்தான் குடிச்சேன். ஒரே மூச்சில!"

வாழ்க்கையில் நான் அடித்த பெருமைகள் நிறைய. மாடியைப் பற்றி அடித்திருக்கிறேன், மண்டியைப் பற்றி அடித்திருக்கிறேன், இந்தக் கதையின் ஆரம்பத்தில்கூட அடித்தேன். வயிற்றைத் தட்டிக்கொண்டு அன்று சொன்ன அந்த ஒன்றை நினைத்தால் மட்டும் இந்த வயதிலும் உடம்பு கூசுகிறது.

அத்தை சொம்புக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் எப்படியோ போயிற்று. கழுவாமல் கொண்டு வந்துவிட்டேன், அதற்குத்தான் கோபம் என்று எனக்குப் புரிந்தது. உள்ளே போனவள் சொம்பு நிறையக் கஞ்சியோடு திரும்பி வந்தாள்.

"நேரா கொண்டுட்டு போயி உங்கம்மா கைல குடு. இன்னா?"

நேராக அம்மா கையில்தான் கொடுத்தேன். அம்மா வாங்கினாள். ஒரு வாய் குடித்தாள். தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரிந்தது. பிறகு நான் நிற்பதைப் பார்த்தாள், எனக்குப் பின்னால் தங்கச்சி நிற்பதைப் பார்த்தாள். சொம்பைத் திரும்ப என் கையில் கொடுத்துவிட்டாள். நானும் தங்கச்சியும் குடித்துத் தீர்த்தோம்.

இந்த முறை அத்தையிடம் கெட்ட பேர் வாங்கக் கூடாது என்று முடிவு பண்ணியிருந்தேன். எங்கள் அடுப்பில் சாம்பலுக்குப் பஞ்சமில்லை. ஒரு பிடி அள்ளிக்கொண்டு போய், மழைத் தண்ணீரில் அந்தச் சொம்பை உள்ளும் புறமும் தேய்த்து, ஒரு பருக்கை ஒட்டாமல், தங்கம் மாதிரி பளபளவென்று ஆக்கி அத்தையிடம் நீட்டினேன். நீட்டிவிட்டு, அவள் என்னைப் பாராட்டுவாள் என்று வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.